எட்டாத இடத்துக் குழாய்

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஈரம் தெரிந்தது. முதலில் உள்ளங்கை அகலம்தான். பத்தே நாளில் தாம்பாளம் அளவுக்குப் பரவிவிட்டது. கீழ்வீட்டு பென் மேலே ஏறி வந்து, தங்கள் வீட்டு சீலிங்கில் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிளம்பர் வந்தார். டைல்ஸை உடைத்தார், சுவரைக் கொத்தினார். ஒழுகிய ஜாயின்ட் தூணுக்குப் பின்னால் இருந்தது. வீட்டைக் கட்டியவர்கள் அதை அங்கே வைத்துப் பூசி மூடியிருந்தார்கள். ஜாயின்ட்டை மாற்ற அவருக்கு இருபது நிமிடம்தான் ஆயிற்று. அதை எட்டுவதற்கு இரண்டு நாள். திரும்பப் பூசி டைல்ஸ் ஒட்ட நான்கு நாள். ஒரு வாரம் நாங்கள் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, ஆள் போகவே முடியாத இடத்துல குழாய் ஒழுகினா என்ன பண்ணுவாங்க?"

விளையாட்டாகக் கேட்டாள். ஆனால் உலகத்தின் பெரிய பொறியாளர்கள் பலர் இதே கேள்விக்குத்தான் பல ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அகமதாபாத்தில் வசிக்கும் நமக்கு இது தொலைதூரத்து விஷயமும் அல்ல. காந்திநகர் போகும் வழியில், பாட் கிராமத்தில், பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே நடக்கும் ஆராய்ச்சியோடு தொடர்பு கொண்டதுதான்.

சூரியனின் அடுப்பு

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கக்ராபாரிலும் நடப்பது அணுக்கருப் பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுவை உடைத்து வெப்பம் எடுப்பது. சூரியனில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே லேசான அணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. இதுவே அணுக்கரு இணைவு. பூமியில் இதைச் செய்ய ஹைட்ரஜனின் இரண்டு உறவுக்காரர்களை எடுத்துக்கொள்கிறார்கள்: டியூட்டீரியம், டிரிட்டியம். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஹீலியம் அணுக்கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. கிடைக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை அந்த நியூட்ரான் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

இவை சேர வேண்டுமானால் வெப்பம் சுமார் 15 கோடி டிகிரி இருக்க வேண்டும். சூரியனின் மையத்தில் இருப்பதைப் போல் பத்து மடங்கு. இந்த வெப்பத்தில் எரிபொருள் பிளாஸ்மா என்ற நிலைக்குப் போய்விடும். அதை எந்தப் பாத்திரமும் தாங்காது. ஆகவே மெதுவடை வடிவில் ஒரு வெற்றிடக் கலத்தைச் செய்து, சுற்றிலும் பெரிய காந்தங்களை வைத்து, பிளாஸ்மா சுவரைத் தொடாதபடி காந்த விசையாலேயே நடுவில் நிறுத்துகிறார்கள். இந்த அமைப்புக்கு டோகமாக் என்று பெயர். 1950களில் ரஷ்ய விஞ்ஞானிகள் உருவாக்கியது. நம் பக்கத்து பாட் கிராமத்தில் ‘ஆதித்யா’ என்ற டோகமாக் 1989-லேயே இயங்கத் தொடங்கியது. பின்னர் ‘எஸ்.எஸ்.டி-1’ வந்தது.

இதில் குழாய் எங்கே வந்தது?

மின்சாரம் எடுப்பதென்றால் கடைசியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து டர்பைனைச் சுழற்றத்தான் வேண்டும். அதில் மாற்றம் இல்லை. ஓடிவரும் நியூட்ரான்கள் கலத்தின் உட்சுவரில் இருக்கும் தடித்த பாளங்களில் மோதி நின்று, அவற்றைச் சூடாக்குகின்றன. இந்தப் பாளங்களுக்குப் ‘போர்வை’ என்று பெயர். போர்வைக்குள் லிதியம் இருக்கும். நியூட்ரான் அதன்மேல் பட்டால் புதிய டிரிட்டியம் கிடைக்கும். டிரிட்டியம் இயற்கையில் மிக அரிது, 12.3 ஆண்டுகளில் பாதியாகக் கரைந்தும் போகும். எனவே உலை தன் எரிபொருளைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும்.

போர்வையின் சூட்டை வெளியே கொண்டுவரக் குழாய்கள் தேவை. டிரிட்டியத்தை எடுக்கவும் குழாய்கள் தேவை. ஐரோப்பியர்கள் திட்டமிடும் ‘டெமோ’ என்ற மாதிரி மின்நிலையத்தில், தண்ணீர் என்றால் சுமார் 155 மடங்கு காற்றழுத்தத்தில் 300 டிகிரி அளவில் ஓடும். ஹீலியம் வாயு என்றால் 80 மடங்கு அழுத்தம். நம் வீட்டு பிரஷர் குக்கருக்குள் இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம்தான். குக்கர் விசில் அடித்தாலே நாம் இரண்டடி தள்ளி நிற்கிறோம்!

இந்தப் போர்வை நிரந்தரமானது அல்ல. நியூட்ரான் அடி வாங்கி வாங்கி அதன் எஃகு வலுவிழந்துபோகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றியாக வேண்டும். டெமோவின் ஒரு வடிவமைப்பில் கலத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஐந்து என மொத்தம் 80 போர்வைத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வாழைப்பழம்போல் வளைந்தது, பல டன் எடை கொண்டது. இவற்றை மேலே உள்ள திறப்பு வழியாகத் தூக்கி எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு துண்டோடும் இணைந்த குழாய்களையெல்லாம் வெட்ட வேண்டும். புதியதை இறக்கியபின் எல்லாவற்றையும் திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும்.

ஆகவே இங்கே குழாய் வேலை என்பது ஒழுகினால் மட்டும் வருவது அல்ல. கார் சர்வீஸ்போல் முறை தவறாமல் வருவது.

ஆள் ஏன் போகக் கூடாது?

இணைவு உலையில் ஒரு நல்ல குணம் உண்டு. ஏதாவது கோளாறு ஏற்பட்டால் பிளாஸ்மா அணைந்துவிடும். தொடர்வினை கட்டுமீறிப் போகும் பயம் இல்லை. ஆனால் நியூட்ரான் பட்ட எஃகு தானே கதிரியக்கம் கொண்டதாகிவிடும். உலையை நிறுத்தினாலும் சுவர் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சை உடல் வாங்கும் அளவை ‘கிரே’ என்று கணக்கிடுகிறார்கள். உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 5 கிரே பட்டால், தக்க சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது அரிது. பெரிய இணைவு உலையை நிறுத்திய பிறகும் கலத்துக்குள் மணிக்குச் சில நூறு கிரே இருக்கும். அதாவது, உள்ளே போனவர் ஓரிரு நிமிடத்திலேயே உயிருக்கு ஆபத்தான அளவை வாங்கிவிடுவார். போதாக்குறைக்கு டிரிட்டியம் கலந்த தூசியும் அங்கே இருக்கும்.

மனிதனால் முடியாது என்றால் இயந்திரத்தை அனுப்பினால் போயிற்று என்று தோன்றும். இயந்திரத்துக்கும் அங்கே கஷ்டம்தான். கேமராவின் கண்ணாடி பழுப்பேறும். வயர்களின் மேலுறை இறுகி வெடிக்கும். கிரீஸ் கெட்டியாகும். சாதாரண எலக்ட்ரானிக் சில்லு சீக்கிரமே செயலற்றுப்போகும். எனவே மூளையை வெளியே வைத்துவிட்டு, கையை மட்டும் உள்ளே அனுப்பும் முறைதான் நடைமுறைக்கு வந்தது.

கை உள்ளே, ஆள் வெளியே

இந்த எண்ணம் புதிதல்ல. 1940களின் இறுதியிலேயே அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் இப்படி ஒரு கையைச் செய்தார். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் ஆள் தன் கையை அசைத்தால், அந்தப் பக்கம் இயந்திரக் கை அதேபோல் அசையும்.

இணைவு ஆராய்ச்சியில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்கு அருகே கல்ஹம் என்ற இடத்தில் இருந்த ‘ஜெட்’ டோகமாக். 1983-ல் முதல் பிளாஸ்மா கண்ட இயந்திரம். 1997-ல் டிரிட்டியம் சேர்த்து இயக்கியபோது 16 மெகாவாட் இணைவுத் திறனைத் தொட்டது. அதன் பிறகு உள்ளே கதிரியக்கம் கூடிவிட்டது. கலத்தின் அடியில் உள்ள ‘டைவர்டர்’ என்ற பாகத்தையோ மாற்ற வேண்டியிருந்தது. 1998-ல் அந்த வேலையைத் தொலைக் கருவிகளாலேயே செய்து முடித்தார்கள்.

எப்படி? பத்து மீட்டருக்கும் மேல் நீளமான, பாம்புபோல் பல மூட்டுகள் கொண்ட ஒரு கம்பம் பக்கவாட்டுத் திறப்பு வழியாக உள்ளே நுழைந்து வளைந்து போகும். அதன் நுனியில் ‘மாஸ்காட்’ என்ற இரட்டைக் கை. இத்தாலியில் உருவானது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு ஜோடிக் கைகளைப் பிடித்து அசைப்பார். உள்ளே போல்ட் இறுகினால் அந்த இறுக்கம் அவர் கைக்கும் தெரியும். இதுதான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடுகிறோமே, அது விரலின் உணர்ச்சியால் அல்லவா? அந்த உணர்ச்சி இல்லாவிட்டால் திருகாணியின் மரையை உடைத்துவிடுவோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே செய்யப்போகும் ஒவ்வொரு வேலையையும், அதே அளவில் வெளியே கட்டிவைத்த மாதிரிக் கலத்தில் முதலில் ஒத்திகை பார்த்தார்கள். அரங்கேற்றத்துக்கு முன் நட்டுவாங்கத்தோடு பல முறை ஆடிப் பார்ப்பதுபோல. அந்தக் கவனத்தின் பலனாகத்தான் ஜெட் 2023 டிசம்பர் வரை நாற்பது ஆண்டுகள் இயங்க முடிந்தது. கடைசி டிரிட்டியம் சோதனையில் 69 மெகாஜூல் சக்தியைத் தந்துவிட்டு அது ஓய்ந்தது. இப்போது அதைப் பிரித்தெடுக்கும் வேலையிலும் தொலைக் கருவிகளுக்குப் பங்கு உண்டு.

குழாய்க்குள்ளேயே போகும் கருவி

குழாயை வெளியிலிருந்து சுற்றி வந்து வெட்டும் கருவிகள் உண்டு. ஆனால் அதற்குக் குழாயைச் சுற்றி இடம் வேண்டும். இணைவு உலையின் திறப்பிலோ குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குழாயைத் தள்ளித் தள்ளி வைத்தால் திறப்பு பெரிதாகும், திறப்பு பெரிதானால் காந்தத்தைத் தள்ளி வைக்க வேண்டும், உலையே பெரிதாகிவிடும். அதனால் கல்ஹமில் 2014-ல் தொடங்கப்பட்ட ‘ரேஸ்’ என்ற தொலைக்கருவி மையத்தின் பொறியாளர்கள், டெமோவுக்காக வேறு வழியைப் பிடித்தார்கள். கருவியைக் குழாய்க்குள்ளேயே அனுப்புவது.

வேலை நடக்கும் முறை இது. குழாயின் மேல் முனையில் உள்ள மூடியைத் திறந்து, மெல்லிய நீண்ட கருவியை உள்ளே இறக்குகிறார்கள். வளைவுகளில் வளைந்து போகும்படி அது துண்டு துண்டாக, ரயில் பெட்டிகள்போல் கோக்கப்பட்டிருக்கும். குறித்த இடம் வந்ததும் குழாயின் உட்சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். பின்னர் லேசர் கதிர் சுற்றிச் சுழன்று குழாயை உள்ளிருந்து வெட்டும். லேசரை உண்டாக்கும் பெட்டி தூரத்தில், கதிரியக்கம் இல்லாத அறையில் பத்திரமாக இருக்கும். ஒளி மட்டும் கண்ணாடி இழை வழியாக உள்ளே வரும். உள்ளே போகும் தலைப்பகுதியில் கெட்டுப்போகக் கூடிய பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

திரும்ப இணைப்பதுதான் கடினம். பல ஆண்டுகள் சூட்டிலும் அழுத்தத்திலும் இருந்த குழாயை வெட்டினால், இறுக்கிக் கட்டிய கயிற்றை அறுத்ததுபோல் இரண்டு முனைகளும் விலகும். புதிதாக இறக்கிய பல டன் பாளத்தின் குழாய் முனை, பழைய குழாய் முனைக்கு நேராக அமையும் என்ற உறுதியும் இல்லை. லேசர் வெல்டிங்குக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட அதிகம். ஆகவே முதலில் இரண்டு முனைகளையும் இழுத்து, நேராக்கி, ஒட்டிப் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் பற்றவைப்பு. வெல்டிங் சூட்டில் உலோகம் காற்றோடு சேர்ந்து கெடாமல் இருக்க ஆர்கான் வாயுவையும் செலுத்த வேண்டும். அத்தனையும் மனிதக் கை நுழையாத ஒரு குழாய்க்குள்!

போல்ட் போட்டு இணைத்தால் சுலபமாயிற்றே என்று கேட்கலாம். வீட்டில் அதுதான் சௌகரியம். ஆனால் போல்ட் இணைப்பு இடத்தை அடைக்கும், சூட்டில் இறுகிக்கொள்ளும், வெற்றிடத்துக்குத் தேவையான அளவுக்குக் கசிவில்லாமல் பல ஆண்டுகள் நிற்பதும் சிரமம். எனவே முக்கியமான இடங்களில் வெல்டிங்கைத்தான் நம்புகிறார்கள்.

எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

வெல்டிங்குக்கு இன்னொரு எதிரி இருக்கிறது. நியூட்ரான் எஃகில் பாயும்போது உலோகத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஹீலியம் உண்டாகிறது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் அப்படிப்பட்ட எஃகைப் பற்றவைக்கச் சூடாக்கினால், ஹீலியம் ஒன்றுசேர்ந்து, புளித்த மாவில் குமிழி கிளம்புவதுபோல் உலோகத்தின் மணிகளுக்கு இடையே குமிழிகளாகிவிடும். ஆறும்போது அந்த இடம் விரிசல் விடும். பத்து லட்சம் அணுக்களுக்கு ஒரு ஹீலியம் அணு என்ற அளவைத் தாண்டினால், தடித்த எஃகை மீண்டும் வெல்டிங் செய்வது நம்பகமானது அல்ல என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இணைப்பு எங்கே வர வேண்டும் என்பதை வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. போர்வைக்கு மிக அருகில் வைத்தால் ஒட்டாது. தடுப்புச் சுவருக்குப் பின்னால், நியூட்ரான் அதிகம் வராத இடத்தில் வைத்தால்தான் ஒட்டும்.

ஒட்டியபின் சோதிக்க வேண்டாமா? சாதாரணமாக வெல்டிங்கை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார்கள். இங்கே சுற்றுப்புறமே கதிர் வீசிக்கொண்டிருப்பதால் படம் வெளிறிப்போகும். எனவே மீயொலி அலைகளை அனுப்பிப் பார்ப்பது, குழாயில் ஹீலியத்தை நிரப்பி வெளியே ஓர் அணுவாவது கசிகிறதா என்று நுட்பமான கருவியால் மோப்பம் பிடிப்பது போன்ற வழிகள்தான் கைகொடுக்கும்.

இரண்டு அனுபவங்கள்

பிரான்ஸில் கடராஷ் என்ற இடத்தில் ‘ஈட்டர்’ என்ற மிகப் பெரிய டோகமாக் எழுந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, ஜப்பான், சீனா, தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்பினரும் கூட்டாகக் கட்டுவது. அதில் காந்தங்களைச் சூட்டிலிருந்து காக்கும் வெப்பத் தடுப்புத் தகடுகள் உண்டு. தகடுகளின்மேல் குளிர்விக்கும் குழாய்களை வெல்டிங் செய்திருந்தார்கள். 2021 நவம்பரில் ஹீலியம் சோதனை செய்தபோது ஒரு குழாயில் கசிவு தெரிந்தது. ஆராய்ந்தால், வெல்டிங் ஓரத்துச் சின்ன இடுக்குகளில் தங்கிய குளோரின் எச்சம் எஃகை மெல்ல அரித்து விரிசல் விடச் செய்திருந்தது. 2.2 மில்லிமீட்டர் ஆழம் வரை விரிசல். சுமார் 23 கிலோமீட்டர் நீளக் குழாய்களை மாற்றுவதென்று முடிவாயிற்று. ஏற்கெனவே குழிக்குள் இறக்கியிருந்த, 1,000 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு பெரிய பகுதியை 2023-ல் திரும்ப வெளியே தூக்கினார்கள்.

இதில் ஒரு நல்ல காலமும் இருந்தது. உலை இன்னும் இயங்கவில்லை, கதிரியக்கம் இல்லை. ஆட்கள் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்துச் சரிசெய்ய முடிந்தது. இயங்கத் தொடங்கியபின் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னோர் அனுபவம் நம் கல்பாக்கத்தில் நடந்தது. அது பிளவு உலைதான். ஆனால் பாடம் ஒன்றே. சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளிலும், 1980களின் இறுதியில், கலத்துக்குள் கனநீரைக் கொண்டுவரும் நுழைவுக் குழாய் அமைப்பு விரிசல் கண்டு உடைந்தது. உள்ளே ஆள் போக வழியில்லை. பொறியாளர்கள் கனநீர் ஓடும் பாதையையே மாற்றியமைத்து, திறனைச் சுமார் 170 மெகாவாட்டாகக் குறைத்து, பல ஆண்டுகள் ஓட்டினார்கள். 2000த்துக்குப் பிறகு உலையின் 306 குளிர்விப்புக் குழல்களையும் மாற்றும் வேளை வந்தபோது, காலியான குழல் இடங்கள் வழியாகவே புதிய கனநீர்க் குழாய்களை உள்ளே செலுத்தி, பழைய திறனை மீட்டார்கள். குழாய் எட்டாத இடத்தில் இருந்ததால் இழந்த மின்சாரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

நமக்கு இதில் என்ன?

ஈட்டரைச் சுற்றிலும் மூடி நிற்கும் ‘கிரையோஸ்டாட்’ என்ற எஃகுக் கலத்தைச் செய்தது இந்தியா. சுமார் 30 மீட்டர் உயரம், 3,850 டன். இதன் துண்டுகள் சூரத்துக்குப் பக்கத்து ஹஜிராவில் லார்சன் அண்டு டூப்ரோ தொழிற்சாலையில் உருவாகிக் கப்பலேறின. குளிர்நீர்க் குழாய்கள், பம்புகள், குளிர்விப்புக் கோபுரங்கள் ஆகியவற்றிலும் இந்தியாவின் பங்கு உண்டு.

உடனே வீட்டுக்கு மின்சாரம் வந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024-ல் வெளியிட்ட திட்டப்படி ஈட்டரின் ஆராய்ச்சி ஓட்டம் 2034-ல்தான் தொடங்கும். டிரிட்டியம் சேர்ப்பது 2039-ல். ஈட்டர் மின்சாரம் தராது. அதற்கு அடுத்து வருபவைதான் தர வேண்டும். அப்படி வரும் நிலையங்கள் கட்டுப்படியாகுமா என்பது பிளாஸ்மாவை மட்டும் பொறுத்தது அல்ல. போர்வை மாற்ற உலையை மூடினால், எத்தனை மாதத்தில் திரும்பத் திறக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. நூற்றுக்கணக்கான குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிச் சோதிக்க ஆண்டுக்கணக்கில் ஆனால், எவ்வளவு நல்ல உலையும் நஷ்டக் கணக்குத்தான்.

விஞ்ஞானம் என்றால் நம் வீடுகளில் உடனே பெரிய படிப்பும் பெரிய பரீட்சையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கிறான் என்று ஒரு பையனைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். சூரியனைப் பூமிக்குக் கொண்டுவரும் முயற்சியோ கடைசியில் ஒரு நல்ல வெல்டிங்கில் வந்து நிற்கிறது. அந்த வெல்டரின் கைப்பக்குவத்தைத்தான் இன்று இயந்திரக் கைக்குக் கற்றுக்கொடுக்கப் பாடுபடுகிறார்கள்.

எங்கள் பிளம்பர் வேலை முடிந்து கிளம்பும்போது, ஜாயின்ட் இருந்த இடத்தில் சுவரை முழுவதும் பூசாமல், திறந்து மூடுகிற சின்னக் கதவு ஒன்றை வைத்துக்கொடுத்தார். "கட்டும்போதே யோசித்திருந்தால் இந்தச் செலவு இல்லை" என்றார். கல்ஹமிலும் கடராஷிலும் இருக்கும் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து வந்து சேர்ந்த முடிவும் அதுவே. மகளுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.